கேமராவோடு தோடர் மந்துக்குப் போவது பற்றி: யோசனை சொல்லுங்கள்

#1 வழிப்போக்கன்82

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டில் கல்யாண வீடியோ எடுப்பவன் நான். மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் ஸ்டுடியோ ஈயடிக்கும். இந்த முறை அந்த நாட்களை வீணாக்காமல் பத்து நாள் நீலகிரி போய், அழிந்துவரும் பழங்குடிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

திட்டம் இது: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், ஆளுக்கு இரண்டு நாள். மீதி இரண்டு நாள் ட்ரோனில் மலைக்காட்சிகள். படத்துக்கு 'கடைசித் தோடர்கள்' என்று பெயர் வைத்திருக்கிறேன். மனைவியும் உடன் வருகிறார், ஒலிப்பதிவு அவர் பொறுப்பு. தங்குமிடம், அனுமதி, யாரைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் யோசனை தேவை. முன்கூட்டியே நன்றி.

#2 கோத்தகிரி_டீ

பத்து நாளில் நாலு பழங்குடியா? எங்கள் ஊர் ஆதார் மையத்தில் பெயர் திருத்தவே அதைவிட அதிக நாள் ஆகும் தம்பி.

#3 ஹட்டிப்பெண்

நான் படகர். எங்கள் ஹட்டியிலிருந்து (படகர் ஊரை ஹட்டி என்போம்) பார்த்தால் தெரியும் தூரத்தில் ஒரு மந்து, அதாவது தோடர் குடியிருப்பு, இருக்கிறது. என்னோடு பள்ளியில் படித்த தோடர் பெண்கள் இப்போது நர்சாகவும் டீச்சராகவும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் தினமும் குட்மார்னிங் அனுப்புகிறார்கள். இவர்களில் யார் அண்ணா 'கடைசி'?

கோபத்தில் கேட்கவில்லை. இந்தக் 'கடைசி' கதை நூற்றைம்பது வருடமாக ஓடுகிறது. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் சேகரித்த விவரங்கள் 1873இல் புத்தகமாக வந்தன. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் பலரும் தோடர்கள் இன்னும் கொஞ்ச நாள்தான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். 1901 கணக்கெடுப்பில் தோடர்கள் எண்ணூறு சொச்சம். 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 2000. சின்னச் சமூகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்கள் குறையவில்லை, கூடியிருக்கிறார்கள்.

குறைந்தது எருமை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பள்ளிக்குப் போகும் வழியில் வளைந்த கொம்போடு கூட்டமாக நிற்கும். பயந்து பாதையை விட்டு இறங்கி நடப்போம். இப்போது அதே வழியில் என் மகன் எருமை பார்த்ததே இல்லை. இதைப் படமாக எடுங்கள். பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.

#4 பழைய_வாட்சர்

ஹட்டிப்பெண் சொன்னதன் மீதியை நான் சொல்கிறேன். வனத்துறையில் முப்பது வருடம் கீழ்மட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படிப்பு குறைவு, நடந்தது அதிகம்.

எருமை ஏன் குறைந்தது? புல் போனதால். நீலகிரி மேல்மட்டம் காடாக இருந்ததே கிடையாது. மேடெல்லாம் புல்வெளி, நீர் வடியும் மடிப்புகளில் மட்டும் சோலை, பள்ளத்தில் சதுப்பு. பார்க்கிறவர்களுக்குப் புல்வெளி என்றால் வெறும் தரிசு. வெள்ளைக்காரனுக்கும் அப்படித்தான் தெரிந்தது, சுதந்திரத்துக்குப் பிறகு வந்த எங்கள் துறைக்கும் அப்படித்தான் தெரிந்தது. 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் மரமும் யூகலிப்டஸும் வந்தன. முதலில் ஊட்டியில் விறகுக்கு. அப்புறம் தோல் பதனிட வாட்டில் பட்டை, மேட்டுப்பாளையம் பக்கத்து விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் என்று மலை மலையாக நட்டோம். நட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும், நானும் குழி வெட்டியிருக்கிறேன். பரிசுகூட வாங்கினோம்.

வாட்டில் விதை மண்ணுக்குள் பல வருடம் உறங்கும். வெட்டினாலும் தீ பட்டாலும் நூறாக முளைக்கும். நடுவதை நிறுத்தியும் அது நிற்கவில்லை. பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்குப் பார்த்தவர்கள், 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறார்கள். எங்கள் பக்கம் முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் இருப்பதுதான் ஓரளவு மிச்சம்.

மரம் ஒரு பக்கம் என்றால் அணை இன்னொரு பக்கம். முக்குருத்தி, பைக்காரா, அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, போர்த்திமந்து. கடைசிப் பெயரைக் கவனியுங்கள். மந்து என்றால் தோடர் குடியிருப்பு. அணையின் பெயரில் மந்து இருக்கிறது, தண்ணீருக்கு அடியில் மேய்ச்சல் நிலம் இருக்கிறது. சதுப்புகள் பலவும் வடிகால் வெட்டி கேரட், உருளைக்கிழங்கு ஆகிவிட்டன. தோடர்களே குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எருமைப்பாலில் பிள்ளையை இன்ஜினியரிங் படிக்க வைக்க முடியாது, கேரட் குத்தகையில் முடியும்.

இன்னொன்று. தோடர்கள் வெயில் காலத்தில் புல்வெளிக்குத் திட்டம் போட்டுத் தீ வைப்பார்கள், காய்ந்தது எரிந்து தளிர் வரும். அதைக் குற்றம் என்று தடுத்தது எங்கள் துறை. சரியா தவறா என்று இன்றைக்கும் எனக்குள் வழக்கு நடக்கிறது.

உங்களுக்கு ஒரு துப்பு. முத்தநாடு மந்தில் கூம்பு வடிவக் கோயில் இருக்கிறது, மூன்போ என்பார்கள். அதன் கூரை வேய எந்தப் புல்லும் ஆகாது. சதுப்பில் வளரும் ஒரே ஒரு புல்தான் வேண்டும், தோடர்கள் 'அவ்ஃபுல்' என்பார்கள். இந்த மலைகளை விட்டால் வேறெங்கும் கிடையாது. முன்பு மந்துக்கு அருகிலேயே அறுத்தார்கள். இப்போது அதைத் தேடி எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று கேளுங்கள்.

#5 சுண்டல்

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கடைசியில் இந்தப் படம் ஏதோ ஒரு விழாவில் ஓடும், இயக்குநருக்கு ஒரு ஷீல்டு கிடைக்கும், தோடருக்கு என்ன கிடைக்கும்?

#6 வழிப்போக்கன்82

சுண்டல் சார், எனக்கு இதுவரை கிடைத்த ஒரே ஷீல்டு லயன்ஸ் கிளப் சதுரங்கப் போட்டியில். சொந்தக் காசில்தான் போகிறேன்.

வாட்சர் ஐயா, இதை இரண்டு முறை படித்தேன். உண்மையைச் சொன்னால், ட்ரோனில் எடுக்க வைத்திருந்த 'பசுமைக் காட்சி' முக்கால்வாசியும் வாட்டில், தேயிலை, யூகலிப்டஸ்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. ஹட்டிப்பெண் அக்கா, தலைப்பை எடுத்துவிட்டேன். கோத்தர், குறும்பர், இருளரையும் எடுத்துவிட்டேன். ஒரே ஒரு மந்து, ஒரே ஒரு புல். சரியா?

#7 இருட்டறை

நானும் கேமராக்காரன்தான். நான் செய்த தவறை எழுதிவிடுகிறேன், நீங்கள் செய்யாமல் இருக்கலாம்.

பல வருடம் முன்பு ஒரு மந்தில் ஒரு பாட்டியைப் படம் எடுத்தேன். வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்பும் போட்ட பூத்துக்குளி போர்த்தி, சுருள் முடியோடு, அரைவட்டக் கூரை வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். கேட்டுத்தான் எடுத்தேன். தலையசைத்தார். படம் அருமையாக வந்தது. ஒரு போட்டிக்கு அனுப்பினேன். அங்கிருந்து எப்படியோ ஒரு நிறுவனத்தின் காலண்டரில் அச்சாகிவிட்டது. விதிமுறையில் சின்ன எழுத்தில் உரிமையைக் கொடுத்திருக்கிறேன், படிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அதே மந்துக்குப் போனேன். பாட்டி காலமாகிவிட்டார். அவர் மகன் என்னை உட்கார வைத்து டீ கொடுத்து அமைதியாகச் சொன்னார்: அம்மா இறந்த பிறகும் அந்தக் காலண்டர் ஊரில் ஒரு மருந்துக் கடையில் தொங்கியது, தாண்டிப் போக முடியவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் சுலபமாகத் தப்பித்திருப்பேன்.

அதனால் சொல்கிறேன். 'படம் எடுக்கலாமா' என்ற கேள்வி பாதிதான். எங்கே காட்டுவேன், யார் பார்ப்பார்கள், விற்பேனா, இறந்தபின் என்ன செய்வது, பிடிக்கவில்லை என்றால் எப்படி நீக்குவது, இதெல்லாம் மீதி. மந்துப் பெரியவர்களை ஒன்றாக உட்கார வைத்துக் கேளுங்கள். ஒருவர் தலையசைப்பு ஊரின் சம்மதம் ஆகாது.

#8 ஏட்டுக்காரர்

இருட்டறை சொன்னது இந்த மலைக்குப் புதிதல்ல.

ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1901–02இல் சில மாதம் தங்கித் தோடர்களைப் பற்றி எழுதினார், 1906இல் புத்தகம் வந்தது. மானுடவியலில் அது இன்றும் பெரிய புத்தகம். அதில் அவரே ஒரு சங்கதியை ஒப்புக்கொள்கிறார். அவருக்குச் சடங்குகளைக் காட்டியவர்களுக்கும் சொன்னவர்களுக்கும் அடுத்தடுத்து நோய், சாவு என்று துன்பம் வந்தது. ரகசியத்தை வெளியாளிடம் சொன்னதால் தெய்வக் குற்றம் என்று குறிசொல்பவர்கள் சொன்னார்கள். அதன்பின் பலர் வாயைத் திறக்கவில்லை. அவர் அதைப் பதிவு செய்தார், புத்தகத்தையும் போட்டார்.

அதே காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டன், மண்டையோட்டையும் மூக்கையும் அளக்கக் கருவியோடு அலைந்தவர். வயநாட்டுப் பணியர் பெண்கள் தன்னைக் கண்டு ஓடியதாகச் சிரித்துக்கொண்டே எழுதுகிறார்: நம்மில் நல்ல ஆளாகப் பார்த்துப் பிடித்து, பஞ்சடைத்து, மெட்ராஸ் மியூசியத்தில் வைக்கப்போகிறான் என்று பயந்தார்களாம். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காலண்டரை நினைத்தால், அந்தப் பெண்கள் சொன்னதில் பெரிய தவறும் இல்லை.

ஆனால் ஒன்று, நியாயமாகச் சொல்ல வேண்டும். ரிவர்ஸ் எழுதியிராவிட்டால் பல சடங்குகளின் விவரம் இன்று யாரிடமும் இருக்காது. எழுதியதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். கொண்டுபோனது திரும்பி வரவில்லை என்பதுதான் என் வருத்தம். அந்தப் படங்களும் குறிப்புகளும் இங்கிலாந்தில் இருக்கின்றன, மந்தில் இல்லை.

#9 ஒலியன்

மொழியியல் மாணவன். ஒலிப்பதிவு பற்றி மட்டும் சொல்கிறேன்.

தோடர் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நம்மில் பலருக்கு ர, ற இரண்டையும் பிரித்துச் சொல்லவே வராது. தோட மொழியில் அப்படி மூன்று வேறு அதிர்வொலிகள், போதாததற்கு ஒவ்வொன்றுக்கும் 'ய' சாயல் கலந்த ஓர் இணை. உயிரெழுத்து குறில் எட்டு, நெடில் எட்டு. காதுக்குத் திராவிட மொழி போலவே இருக்காது. ஆனால் தமிழுக்கும் அதற்கும் ஒரே கிளை. யுனெஸ்கோ அட்டவணையில் மிகக் கடுமையான அபாயத்தில் இருக்கும் மொழி. ஆட்கள் கூடியும் மொழி ஏன் அபாயத்தில் என்றால், குழந்தைகள் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும்தான்.

திராவிடச் சொற்பிறப்பு அகராதியைப் பர்ரோவோடு சேர்ந்து தொகுத்த எமெனோ, 1930களில் இங்கே தங்கித் தோடர் பாடல்களைக் கேட்டு எழுதினார். 1971இல் அச்சானது. அந்தப் பாடல்களில் மலை, ஓடை, மந்து, எருமை எல்லாவற்றுக்கும் ஜோடி ஜோடியாகப் பாட்டுப் பெயர்கள் உண்டு. பேச்சில் ஒரு பெயர், பாட்டில் வேறு பெயர். அந்த மேட்டில் வாட்டில் முளைத்துவிட்டால் பாட்டில் வரும் பெயர் எதைக் குறிக்கிறது என்று பேரனுக்குக் காட்ட முடியாது. வாட்சர் ஐயா சொன்ன புல்லும் நான் சொல்லும் சொல்லும் ஒரே சங்கதி.

என் யோசனை: பேட்டி எடுக்காதீர்கள். ஒரு பெரியவரோடு நடங்கள். அவர் கைகாட்டும் இடத்துக்கு எல்லாம் பெயர் கேளுங்கள். சட்டையில் குத்தும் மைக், காற்றுக்குப் பஞ்சு உறை. எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பில் பதியுங்கள், மூன்று அதிர்வொலிகளும் அதில்தான் தப்பிக்கும்.

#10 கோத்தகிரி_டீ

சாப்பாட்டு விஷயம் யாரும் சொல்லவில்லையே. சரி, நடைமுறை:

இ-பாஸ் எடுங்கள். 2024 மே முதல் வெளி மாவட்ட வண்டிக்குக் கட்டாயம். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கைக் கல்லாரிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். வனப்பகுதியில் அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் வழக்கு, எருமை மிரண்டால் அதற்குமேல் வழக்கு. மார்கழியில் அதிகாலை உறைபனி, பேட்டரி பாதி நேரத்தில் படுத்துவிடும், உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸுக்குச் சிலிக்கா ஜெல். மழைக்காலத்தில் வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது.

மார்கழியில் வந்தால் முத்தநாடு மந்தில் மொற்பர்த் விழா இருக்கும். எல்லா மந்திலிருந்தும் ஆண்கள் வருவார்கள், ஆடுவார்கள், இளவட்டக்கல் தூக்குவார்கள். பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். பெண்கள் போக முடியாது, தோடப் பெண்கள் உட்பட. உங்கள் வீட்டம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அங்கே வந்து சண்டை வேண்டாம்.

#11 தேன்_கோவை

பெண்களை விடாத விழாவைப் போற்றி ஆவணப்படுத்த வேண்டுமா? 'பாரம்பரியம்' என்று சொன்னால் எல்லாவற்றையும் ஏற்க வேண்டுமா?

#12 ஹட்டிப்பெண்

போற்ற வேண்டாம், பதிவு செய்யட்டும். அதைப் பற்றித் தோடப் பெண்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவர் மனைவி அவர்களிடமே கேட்கட்டும். நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்து அவர்களுக்காகத் தீர்ப்பு எழுத வேண்டாம் தேன். (எங்கள் ஹட்டியிலும் எல்லாம் யோக்கியமாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை.)

#13 வழிப்போக்கன்82

போய்விட்டு வந்துவிட்டேன். பத்து நாள் அல்ல, ஆறு நாள். முதல் மூன்று நாள் கேமராவை வெளியே எடுக்கவில்லை. வாட்சர் ஐயா தனக்குத் தெரிந்த ஒரு மந்தில் சொல்லி வைத்திருந்தார். மந்தின் பெயரை எழுத வேண்டாம் என்றார்கள், எழுதவில்லை.

விழாவை எடுக்கவில்லை. போனேன், ஓரமாக நின்று பார்த்தேன். அங்கே எனக்கு முன்னால் பதினைந்து கேமரா. என் ஒன்று குறைந்தால் உலகம் முழுகாது.

அந்த நேரம் என் மனைவி பெண்களோடு உட்கார்ந்திருந்தார். படத்தில் இருக்கும் நல்ல பகுதி அவர் பதிவு செய்ததுதான். பூத்துக்குளி வேலைக்கு வரைபடம் கிடையாது, துணியில் கோடும் கிடையாது. விரலால் இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி. பேச்சுக்கு நடுவில் உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறது, அது மைக்கில் கேட்கிறது. என் மனைவி அழகான பக்கம் என்று நினைத்து மேலே வைத்த பக்கத்தை ஒரு அம்மா சிரித்துக்கொண்டே திருப்பிப் போட்டார். நாம் உள்பக்கம் என்று நினைக்கும் புடைப்பான பக்கம்தான் அவர்களுக்கு வெளிப்பக்கமாம். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தும் கடைத்தெருவில் அச்சடித்த போலி தொங்குகிறது என்று வருத்தப்பட்டார்கள். விழாவுக்குப் போகாதது பற்றி மனைவி கேட்டார். ஒருவர் 'அது அவர்கள் வேலை' என்றார். இன்னொரு இளம்பெண், பதிவை நிறுத்தச் சொல்லிவிட்டு வேறு சொன்னார். அது படத்தில் இல்லை.

நான்காம் நாள் ஒரு பெரியவரோடு புல் தேடி நடந்தேன். வயது எழுபதுக்கு மேல், எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அவர் சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு புல் அறுத்த சதுப்புக்கு முதலில் போனோம். கேரட் கழுவிக்கொண்டிருந்தார்கள். அடுத்தது, தண்ணீர் மட்டம் ஏறினால் மூழ்கும் இடம். மூன்றாவது இடத்துக்குப் பாதையே வாட்டிலுக்குள். குனிந்து குனிந்து போனோம். அந்தப் பக்கம் திடீரென்று வெளிச்சம், ஒரு சின்னப் பள்ளம், அதில் இடுப்பளவு புல். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். நான் எடுக்கவில்லை, கை ஓடவில்லை. எடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, மறைக்கவில்லை.

வழியெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். ஒலியன் சொன்னபடி வேவில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. நான் திருப்பிச் சொன்ன ஒவ்வொரு பெயருக்கும் அவர் சிரித்தார். ஒரு பெயரைக்கூட நான் சரியாகச் சொல்லவில்லையாம்.

#14 பழைய_வாட்சர்

அந்தப் பள்ளம் எங்கே என்று இங்கே எழுதாதீர்கள். படத்தில் ஜிபிஎஸ் விவரம் ஒட்டியிருந்தால் அதையும் அழித்துவிடுங்கள்.

#15 வழிப்போக்கன்82

அழித்துவிட்டேன் ஐயா. பெரியவரும் அதைத்தான் சொன்னார். பெயர்ப் பதிவை மந்துக்கு வெளியே யாருக்கும் தரக்கூடாது, புல் பகுதியைக் காட்டலாம், இதுதான் ஒப்பந்தம். ஒலியன், மன்னிக்கவும், உங்களுக்கும் கிடையாது.

#16 ஒலியன்

வயிறு எரிகிறது. ஆனால் சரி.

#17 வழிப்போக்கன்82

ஒரு உதவி வேண்டும். பதிவு முழுவதையும் பென்டிரைவில் போட்டுக் கூரியரில் அனுப்பினேன். அவர்கள் வீட்டு டிவியில் ஓடவில்லையாம், பேரன் போன் செய்தான். 4கே கோப்பு, ஒவ்வொன்றும் பெரியது.

இன்னொன்றும் பெரியவர் கேட்டார். வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் எடுத்த படங்களில் அவர்கள் மந்து இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பிரிண்ட் போட்டுக் கொண்டுவர வேண்டுமாம். அவர் தாத்தா காலத்தில் வாசலில் நின்று பார்த்தால் மரமே தெரியாதாம், முழுக்கப் புல்லாம். பேரன் நம்பமாட்டேன் என்கிறானாம்.

#18 ஏட்டுக்காரர்

படங்களை நான் தேடுகிறேன். கேம்பிரிட்ஜ் அருங்காட்சியகத்துக்கு மின்னஞ்சல் போட ஒரு நண்பர் இருக்கிறார். மந்தின் பெயரை எனக்கு மட்டும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், அவரிடம் கேட்டுவிட்டு.

#19 இருட்டறை

டிவிக்கு: 1080க்குக் குறைத்து, ஹெச்.264 எம்பி4 ஆக மாற்றுங்கள். பென்டிரைவ் ஃபேட்32ஆக இருந்தால் ஒரு கோப்பு நாலு ஜிபிக்கு மேல் ஏறாது, துண்டு துண்டாக வெட்டுங்கள். கூரியர் வேண்டாம், நேரில் போய் ஓட்டிக் காட்டிவிட்டு வாருங்கள்.

#20 வழிப்போக்கன்82

தை பிறந்தால் முகூர்த்தம் தொடங்கிவிடும், நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலியாக இருக்கிறது. அன்றைக்குப் போகிறேன்.